இறக்கிய இன்ஜினை ஓட்டுவதும் மூடி வைப்பதும்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க ஆரம்பித்தால் முதல் மாதத்திலேயே இன்ஜின் வெளியே வந்துவிடும். பாடி டிங்கர் பட்டறைக்குப் போகும். ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பார்கள். தகரம் அறுக்க அறுக்க துரு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நாளும் நீண்டுகொண்டே போகும். அதுவரை இன்ஜின் உங்கள் வீட்டில்தான் கிடக்கும். எங்கள் வீட்டு இன்ஜின் அப்படி மூன்று வருடம் வெளியே இருந்தது.

வண்டி 1972 அம்பாசிடர், மார்க் 2. அப்பா அம்பாசமுத்திரத்தில் வாடகைக்கு ஓட்டியது. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும். 1489 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்த பி சீரிஸ். அதைக் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது.

நான் சேரன்மகாதேவியில் பம்பு செட் மெக்கானிக். ஆயில் இன்ஜின் வேலைதான் எனக்குச் சோறு. கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் கிணற்றடி இன்ஜினுக்கு வேலை இருக்காது. அப்படியே போட்டுவிடுவார்கள். பிசான நெல் அறுத்து கால்வாய் வற்றியதும் போய் ஹேண்டிலைப் பிடித்தால் சுற்றாது. "அண்ணாச்சி, நல்லா ஓடிட்டிருந்த இன்ஜின், நிப்பாட்டித்தான வச்சோம், எப்படிப் பிடிச்சது?" என்று கேட்பார்கள். நிப்பாட்டி வைத்ததால்தான் பிடித்தது. ஓடுகிற இன்ஜின் தேயும், அது மெதுவாக நடப்பது. நிற்கிற இன்ஜினைத் துரு தின்னும், அதற்கு ஒரு மழைக்காலம் போதும்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே எடுத்த இன்ஜினுக்கு இரண்டே வழிதான் உண்டு. ஓட்டினால் நன்றாகச் சூடேறும்வரை முழுசாக ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வாயையும் அடைத்து முழுசாக மூடி வைக்க வேண்டும். நடுவில் ஒரு வழியைத்தான் நிறைய பேர் பிடிக்கிறார்கள்: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, இரண்டு நிமிஷம் சத்தம் கேட்டு, நிறுத்திவிடுவது. இன்ஜினுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் இன்ஜினைக் கெடுக்க அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் சூடாக இருந்தால் அது சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் சிலிண்டர் சுவரிலும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் நிற்கும் சேம்பரிலும் போய்த் தண்ணீராகவே தங்கும். கூடவே சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுவதால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். ஈரமும் உண்டு, காக்க ஆயிலும் இல்லை. அந்த நிலையில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் விடுகிறோம். அடுத்த வாரம் திரும்பவும் அதே.

எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

தூக்குவதும் உட்கார வைப்பதும்

கியர் பாக்ஸோடு சேர்த்தால் இந்த இன்ஜின் ஏறத்தாழ 200 கிலோ வரும். ஒரு டன் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வாடகைக்குக் கிடைக்கும், அதை எடுங்கள். அதை எதில் மாட்டுகிறோம் என்பதுதான் விஷயம். வேப்பமரக் கொம்பில் மாட்டித் தூக்குவதை நம் ஊரில் நிறைய பார்த்திருக்கிறேன். வேண்டாம். கனமான இரும்புக் குழாயில் செய்த முக்காலி நாட்டுங்கள், கால்கள் விரியாமல் அடியில் சங்கிலி கட்டுங்கள். இன்ஜின் தொங்கும்போது அடியில் கையோ காலோ போகக்கூடாது.

இறக்கிய இன்ஜினைத் தரையில் அப்படியே வைத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் வெறும் தகடு. பாரம் முழுவதும் அதன்மேல் நின்றால் நசுங்கி மேலே ஏறும். ஆயில் உறிஞ்சும் சல்லடை சேம்பரின் அடியை ஒட்டித்தான் இருக்கிறது. தகடு ஏறினால் சல்லடை வாய் அடையும். வெளியே பார்த்தால் சின்ன நசுங்கல்தான் தெரியும். ஓட்டும்போது ஆயில் பிரஷர் வராது.

மூடி வைக்க மட்டும் என்றால் பனஞ்சட்டத்தில் ஒரு தொட்டில் அடித்துக்கொள்ளலாம். முன்பக்க மவுண்டிங் இரண்டும், பின்னால் கியர் பாக்ஸ் மவுண்டிங்கும் பாரத்தைத் தாங்க வேண்டும், சேம்பர் எதையும் தொடாமல் தொங்க வேண்டும். ஓட்டப் போகிறீர்கள் என்றால் மரம் போதாது. இரண்டு அங்குல ஆங்கிளில் வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்ட் செய்யுங்கள். காரில் எந்த இடங்களில் இன்ஜின் உட்கார்ந்ததோ அதே இடங்களில், அதே ரப்பர் மவுண்டிங்கோடு உட்கார வேண்டும். ஆக்சிலேட்டரை முடுக்கும்போது இன்ஜின் பக்கவாட்டில் முறுக்கும். அதற்காக நான்கு பக்கமும் குறுக்குச் சட்டம் வேண்டும், அடி அகலமாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்தால் ஓட்டும்போது சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஸ்டாண்ட் தரையில் நிற்கும்படி செய்யுங்கள். பிளைவீல் பக்கம் மட்டும் பிடித்து இன்ஜினை அந்தரத்தில் நிறுத்தும் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் கடைகளில் கிடைக்கிறது. இன்ஜினைத் திருப்பித் திருப்பிக் கோர்க்க அது அருமையான சாமான். அதில் வைத்து ஓட்டக்கூடாது.

கியர் பாக்ஸைக் கழற்றாமல் இன்ஜினோடே வைத்திருந்தால் ஓட்டுவதற்கு வசதி. செல்ஃப் மோட்டார் இருந்த இடத்திலேயே இருக்கும், பின்பாரமும் தாங்கும். ஆனால் நியூட்ரலில் இருந்தாலும் கியர் பாக்ஸின் உள்ளே பாதிப் பற்கள் சுற்றும். அதனால் உள்ளே ஆயில் இருந்தே ஆக வேண்டும். பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை உருவிய பின்வாய் வழியாக அந்த ஆயில் ஒழுகும், அதையும் அடைக்க வேண்டும்.

ஓட்டுவது

பட்டியலாகச் சொன்னால் சின்னதுதான்: பெட்ரோல், கரண்ட், தண்ணீர், ஆயில், புகை போக வழி. ஒவ்வொன்றிலும் ஒரு இடறல் இருக்கிறது.

பெட்ரோலில் ஆரம்பிக்கிறேன், உயிருக்கு ஆபத்து அங்கேதான். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் மேலே, பழுக்கச் சூடேறும் மேனிஃபோல்டு நேர் கீழே. ஒரு சொட்டு ஒழுகினால் எங்கே விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறைகளில் குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கம்பியில் தொங்கவிட்டு அந்தக் குழாயையே கார்புரேட்டரில் சொருகுவார்கள். அந்தக் குழாய் பெட்ரோலுக்குச் செய்ததில்லை. பெட்ரோல் பட்டால் விறைத்துச் சுருங்கும், சூடு பட்டால் இளகும், சொருகின இடத்தில் கிளிப்பும் இருக்காது. அரை மணி நேரம் ஓட்டும் இன்ஜினுக்கு அது கூடவே கூடாது. ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் தகர டேங்க், அடியில் மூடித் திறக்கும் காக், பெட்ரோல் ஹோஸ், இரண்டு முனையிலும் கிளிப், நடுவில் ஒரு ஃபில்டர். பழைய மொபெட் டேங்க் ஒன்று ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) வாங்கினேன், காக்கோடு கிடைத்தது. டேங்க் கார்புரேட்டரைவிட ஒன்றரை அடி உயரத்தில், மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். காக் கைக்கு எட்ட வேண்டும். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்றும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

கரண்ட்: பேட்டரியைத் தரையில் பலகை போட்டு இன்ஜினிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். எர்த் கேபிள் நேராக இன்ஜின் பிளாக்கில் ஒரு போல்ட்டில் பிடிக்கட்டும். ஸ்டாண்டில் பிடித்தால் நடுவில் ரப்பர் மவுண்டிங் இருக்கிறது, கரண்ட் போகாது. செல்ஃபுக்குப் போவதும் காரில் இருந்த அதே தடிமன் கேபிள்தான். பிளக்குக்குத் தீப்பொறி கரண்ட் தரும் காயிலுக்கு ஒரு சுவிட்ச் வைத்து வயர் இழுத்து, அந்தச் சுவிட்சை நீங்கள் நிற்கும் இடத்தில் பலகையில் அடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றபிறகு அந்தச் சுவிட்சை ஆனில் விட்டால் டெல்கோவில் (டிஸ்ட்ரிபியூட்டர்) பாயிண்ட் சேர்ந்திருக்கும் நிலையில் காயில் சூடேறிக் கருகும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனையை எர்த் பண்ணியிருப்பார்கள். உங்கள் வண்டியில் எது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். பிளக் வயர் 1-3-4-2 வரிசை. டெல்கோ பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக்குக்கு 0.025.

புகை: மேனிஃபோல்டை வெறுமனே விட்டு ஓட்டாதீர்கள். இறங்கு குழாயும் ஒரு பழைய சைலன்சரும் மாட்டி, புகை ஆள் நிற்காத பக்கம் போகும்படி திருப்புங்கள். அடைத்த ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, இருமலும் வராது. தலை வலிக்கிறதே என்று நினைக்கும்போதே கால் துவண்டுவிடும். வெட்டவெளியில் ஓட்டுங்கள்.

இன்னொன்று. காரில் இருக்கும்போது ஃபேனும் பெல்ட்டும் பானெட்டுக்குள் இருந்தன. இப்போது உங்கள் இடுப்பு உயரத்தில் சுற்றப் போகின்றன. லுங்கியோடு பக்கத்தில் போகாதீர்கள், பேன்ட் போடுங்கள். தோளில் கிடக்கும் துண்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். குனிந்து பார்க்கும்போது முதலில் சரிவது துண்டுதான். கம்பி வலை ஒன்றை ஃபேனுக்கு முன்னால் ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டினேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது கட்டாயம்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். கிணற்றடி இன்ஜினைத் தினமும் பார்க்கிறவன், ரேடியேட்டர் எதற்கு என்று 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் டிரம்முக்கு இழுத்துவிட்டேன். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றியாயிற்று. இன்ஜின் அருமையாக ஓடியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டினேன். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, ஆயில் பார்க்கலாம் என்று ராக்கர் கவரின் மேலிருக்கும் ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கம் முழுவதும் காபி நுரை போல, வெள்ளையும் பழுப்பும் கலந்த கொழகொழப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கவே இல்லை, தண்ணீராகப் பிசுபிசுத்தது. தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்து ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட்டில் ஒன்றுமில்லை.

பாளையங்கோட்டையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மிஸ்திரி அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. டிரம்முக்குள் கையை விட்டார். "பச்சத்தண்ணியா இருக்கு தம்பி. இது எங்க சூடாச்சு? எரிஞ்ச தண்ணி பூரா உள்ளயே கெடக்கு" என்றார். 200 லிட்டர் தண்ணீர் கால் மணி நேரத்தில் என்ன சூடாகும்? தெர்மோஸ்டாட்டும் இல்லாததால் குளிர்ந்த தண்ணீர் ஓயாமல் பிளாக்கைச் சுற்றி வந்திருக்கிறது. கிணற்றடி இன்ஜின் பாரம் இழுக்கிறது, மணிக்கணக்கில் ஓடுகிறது, அதனால் தாங்கும். பாரம் இல்லாமல் கால் மணி நேரம் ஓடும் கார் இன்ஜின் தாங்காது.

அதனால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் இரண்டும் காரில் இருந்த மாதிரியே மாட்டுங்கள். ரேடியேட்டரின் மேல்தொட்டி ஹெட்டைவிடத் தாழ்ந்துவிடக்கூடாது, தாழ்ந்தால் ஹெட்டுக்குள் காற்று தங்கும். தண்ணீர் எது என்பதும் கவனம். ராதாபுரம், திசையன்விளை பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும். ஆற்றுத் தண்ணீர் தேவலை. அதைவிடப் பேட்டரி தண்ணீரும் (டிஸ்டில்டு வாட்டர்) கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவது நல்லது. ஒரு தடவை செலவு, அவ்வளவுதான்.

ஆயில்: 20டபிள்யூ-40 அல்லது 50. ரொம்ப நாள் நின்ற இன்ஜின் என்றால் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, காயில் கரண்ட்டைத் துண்டித்துவிட்டு, செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். ஆயில் பிரஷர் மீட்டர் முள் ஏறும்வரை பிளக் மாட்டக்கூடாது. மீட்டர் இல்லாமல் விளக்கை நம்பி ஓட்ட வேண்டாம். சூடான பிறகு ஐட்லிங்கில் 15 பவுண்டுக்குக் குறையாமலும், வேகம் ஏற்றினால் 50 பக்கமும் நின்றால் நிம்மதி.

இப்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். எவ்வளவு நேரம் ஓட்டுவது? கடிகாரத்தைவிட சைலன்சர் வாய் நன்றாகச் சொல்லும். முதலில் வாயில் வெண்புகை வரும், பிறகு கரிய தண்ணீர் சொட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சொட்டுவது நின்று, வாயின் விளிம்பு காயும். அப்போது டெம்பரேச்சர் மீட்டரும் 80 பக்கம் வந்திருக்கும். இங்கே நிறுத்திவிடுவதுதான் அடுத்த தப்பு. தண்ணீர் சூடானாலும் ஆயில் இன்னும் சூடாகியிருக்காது, அது பின்தங்கித்தான் வரும். ஐட்லிங்கில் விடாமல் 1200, 1500 ஆர்பிஎம்மில் இன்னும் இருபது நிமிஷம் ஓடட்டும். ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவித் தொட்டால் கை வைக்க முடியாத சூடு வேண்டும். மொத்தம் அரை மணிக்குக் குறையாது. அவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்க முடியாத நாளில் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

புதிதாக ரீபோர் பண்ணி (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) ரிங் போட்ட இன்ஜின் என்றால் கணக்கு வேறு. புது ரிங் சிலிண்டரோடு பொருந்துவது பாரத்தில்தான். ஸ்டாண்டில் பாரமில்லாமல் நிறைய ஓட்டினால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழத்து, பிறகு ஆயில் குடிக்கும். கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் புதிது என்றால் முதல் ஓட்டத்தில் ஐட்லிங்கே கூடாது, 1500 முதல் 2000 வரை வைத்து இருபது நிமிஷம். கேம் முகத்துக்கு ஆயில் தெறித்துப் போய்ச் சேர அந்த வேகம் வேண்டும். ஒழுகல் பார்த்து, ஆயில் மாற்றி, அதோடு நிறுத்திவிட்டு மூடி வைத்துவிடுங்கள். மீதியை வண்டியில் ஏற்றிய பிறகு நாங்குநேரி நாலுவழிச் சாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மூடி வைப்பது

எனக்கு இதுதான் பிடித்த வழி. மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் யோசிக்காமல் மூடிவிடுங்கள்.

கடைசியாக ஒருமுறை மேலே சொன்னபடி சூடேற ஓட்டுங்கள். நிறுத்தும்போது சுவிட்சைத் தட்டாதீர்கள், பெட்ரோல் காக்கை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துவிட்டு இன்ஜின் தானாக அணையும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பித்தளை, துத்தநாகக் கலவை, பழைய ரப்பர் எல்லாவற்றையும் அரிக்கும். மாதக்கணக்கில் கிண்ணத்தில் விடவே கூடாது. நின்றதும், சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலைத் திறந்துவிடுங்கள். அழுக்கும் அமிலமும் அதோடு போகும். ஃபில்டர் மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். பழைய ஆயிலோடு மூடி வைத்தால் பேரிங்கை அந்த அமிலம் அரிக்கும்.

தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள், இல்லையென்றால் கூலன்ட் கலந்து முழுக்க நிரப்பிவிடுங்கள். பாதி நின்றால் தண்ணீர் மட்டத்தில் துரு கோடு போட்டு அரிக்கும். வடிப்பதென்றால் ரேடியேட்டரோடு விடாமல் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் காக்கையும் திறக்க வேண்டும். அது பெரும்பாலும் துருவால் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்தினால்தான் வரும்.

பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில். ஹேண்டில் போட்டு மெதுவாக நாலைந்து சுற்று. பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

ராக்கர் ஷாஃப்ட்டைத் தளர்த்தி எல்லா வால்வையும் மூடிவிடச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். இந்த இன்ஜினில் அதைச் செய்யாதீர்கள். ராக்கர் தூண்களைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் பிடித்திருக்கும் நட்டுகள். அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணும்.

அடுத்தது வாய்களை அடைப்பது. கார்புரேட்டர் வாய், எக்ஸாஸ்ட் வாய், தண்ணீர் வாய்கள், பெட்ரோல் பம்பு, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய், ஆயில் கேஜ் துளை எல்லாம் கணக்கு. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: குளவி. விரல் நுழையும் துளை எதுவாக இருந்தாலும் ஒரு வாரத்தில் மண் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். அந்த மண் உதிர்ந்து இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. பெரிய வாய்களுக்குப் பேக்கிங் பேப்பரை அளவாக வெட்டி, கிரீஸ் தடவி, மேலே தகரத் தட்டு வைத்து அந்தந்த போல்ட்டாலேயே இறுக்குங்கள். குழாய் வாய்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மடித்துப் போட்டு ஹோஸ் கிளிப். துணியைத் திணிக்காதீர்கள். துணி ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும், எலிக்கும் அது கூடு.

டைனமோ, டெல்கோ மூடி, காயில் எல்லாம் கழற்றி வீட்டுக்குள். கிளட்ச் பிளேட்டையும் கழற்றிவிடுவது நல்லது. ஈரத்தில் பிளைவீலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு கியரே விழாது. பிளேட்டில் ஆயில் கை படாமல் பேப்பரில் சுற்றி வையுங்கள். பிளைவீல் முகத்துக்கு லேசாக ஆயில், மாட்டும்போது துடைத்துவிடலாம்.

மேலே போர்த்துவது பழைய பருத்திப் பெட்ஷீட். அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தார்ப்பாய். பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றினால் பகலில் வியர்த்து இரவில் உள்ளேயே சொட்டும். தூத்துக்குடி, உவரி பக்கம் கடல்காற்றில் இருப்பவர்கள் வெளித்தெரியும் இரும்பு முழுவதற்கும் கிரீஸ் பூச வேண்டும். தென்காசிப் பக்கம் ஜூன் மாதமே சாரல் ஈரம் தொடங்கிவிடும், ஐப்பசிவரை காத்திருக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை ஹேண்டில் போட்டு ஒன்றேகால் சுற்று. கால் சுற்று எதற்கென்றால், ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் வேறு இடத்தில் நிற்க வேண்டும், வேறு வால்வு ஸ்பிரிங் அமுங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றித் திரும்பவும் ஆயில் விடுங்கள். வறண்ட சுவரில் சுற்றினால் இருக்கும் கொஞ்சம் ஆயிலையும் ரிங் வழித்துவிடும்.

கடைசியாக உயரம். 2023 டிசம்பரில் எங்கள் வீட்டு ஓட்டுச் சாய்ப்பைப் பிரித்து வேலை நடந்தது. இன்ஜினைச் சிந்துபூந்துறையில் மச்சான் ஷெட்டில் ஒரு மாதத்துக்கு என்று கொண்டுபோய் வைத்தேன். 17ஆம் தேதி மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு சொன்னார்கள். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மச்சான் போனில், "அத்தான், ஆளுக வெளிய வந்துட்டோம், இன்ஜின எடுக்க முடியல" என்றார். ஆள் வந்ததே போதும்.

இருபதாம் தேதி போய்ச் சேர்ந்தேன். ராக்கர் கவருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சுவரில் வண்டல் கோடு. எக்ஸாஸ்டைத் தகரம் போட்டு அடைத்திருந்தேன், அது அப்படியே இருந்தது. கார்புரேட்டர் வாயில் மட்டும், ஒரு மாதம்தானே என்று துணி சுற்றியிருந்தேன். ஆயில் சேம்பர் போல்ட்டைத் திறந்தபோது முதலில் தெளிந்த பழுப்புத் தண்ணீர் ஓடியது. வாளியில் ஒரு ஜாண் ஏறியபிறகு ஒரு விக்கல் மாதிரி நின்று, அப்புறம்தான் ஆயில் கறுப்பாக இறங்கியது. தண்ணீர் கனம், அடியில் போய் நின்றிருக்கிறது.

இப்படி ஆனால் செல்ஃபை அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி ஹேண்டிலால் கையால் சுற்றுங்கள், தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீச்சும். பிறகு சிலிண்டருக்கு நூறு மில்லி டீசல் ஊற்றித் திரும்பச் சுற்றி வெளியேற்றி, அதையே இரண்டு மூன்று தடவை. ஆயில் சேம்பரைக் கழற்றி வண்டலைத் துடைக்க வேண்டும், பேரிங் மூடிகளையும் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் இன்ஜினில் மூன்றாவது சிலிண்டரில் பழுப்பாக ஒரு வளையம் விழ ஆரம்பித்திருந்தது. விரல்நகத்தில் தட்டுப்படவில்லை, அதனால் தப்பித்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ரிங் அங்கேயே ஒட்டியிருக்கும்.

இப்போது ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் யார் கேட்டாலும், இன்ஜினை மாடியில் ஏற்ற முடியாவிட்டாலும் எல்லா வாயையும் தகரம் போட்டு அடைத்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரையும் போட்டோ எடுத்து ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் வின்டேஜ் பதிவு உண்டு, நம்பரில் விஏ என்று வரும். வண்டி பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கெட்டுப்போன பிளாக்குக்குப் பதில் வேறு பிளாக் வாங்கி வைத்தால் அங்கே பேச்சு நீளும்.

இன்ஜினோடு ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். மூடிய தேதி, ஊற்றிய ஆயில், தண்ணீர் இருக்கிறதா வடித்ததா, எத்தனை வாய் அடைத்தோம், ஒவ்வொரு மாதமும் சுற்றிய தேதி. எங்கள் அட்டையில் "அடைப்பு 9" என்று எழுதியிருந்தது. போன வருடம் வண்டியில் ஏற்றும்போது எட்டு தகரமும் டியூபும்தான் கையில் இருந்தன. ஒன்பதாவது, பெட்ரோல் பம்பு வாயில் இருந்த டியூப் துண்டு. அட்டையைப் பார்த்துத்தான் தேடி எடுத்தோம்.